வேங்கை நாற்றுகளுக்கு நீர் வார்த்தவர்களின் மடல்

விதைகளின் விருப்பறிந்த வித்தகியே! நாற்றுகளின் நாடியறிந்த நல்லவரே! தாபோடி ஆற்றங்கரை நாட்டுமர நாற்றங்காலை இருபத்தாறு ஆண்டுகள் கட்டிக்காத்து இன்று பணி நிறைவு பெறும் சத்தியவதி அம்மையாரே! வணக்கம்.

"இதெல்லாம் எதுக்குப்பா, புங்கன் விதையை ஊறப் போட்டீங்களா?" என்று கேட்கத் தாங்கள் துடிப்பது தெரிகிறது. போட்டாயிற்று. அமர்ந்து கேளுங்கள்!

நீர்மருதும் நாவலும் சில நாள் நீரில் நின்றாலும் தாங்கும், வேங்கை வாடும், வண்டல் மூடினால் முளைவிட்ட விதையும் மண்ணுக்குள்ளேயே அழுகும் என்று மரத்துக்கு மரம் மனமறிந்த மாண்பே! அந்த அறிவு எங்களுக்கு இல்லாமற்போன கதையை இன்று சொல்லியாக வேண்டும்.

ஐந்தாண்டுகளுக்கு முன், அணை திறந்து முளா ஆறு பொங்கிய ஆடி மாதத்தில், நாற்றங்கால் ஒரு நாள் முழுதும் நீருக்குள் கிடந்தது. தங்கள் வீட்டிலும் இடுப்பளவு தண்ணீர். தாங்கள் அங்கே சேறு வாரிய இரண்டு நாளும் இங்கே பொறுப்பு எங்களுடையது. வெள்ளம் வடிந்ததும் முந்நூறு வேங்கை நாற்றுகளும் இலை துவண்டு நின்றன. தாகம் என்று நினைத்தோம்! மனசு கேட்காமல், ஏற்கெனவே ஊறிக்கிடந்த நாற்றுப் பைகளில் காலையும் மாலையும் போட்டி போட்டுக்கொண்டு தண்ணீர் ஊற்றினோம்.

மூன்றாம் நாள் வந்த தாங்கள் ஜோனாஸின் கையிலிருந்த குழாயை மெல்ல வாங்கிக் கீழே வைத்தீர்கள். "தாகமில்லப்பா, வேருக்கு மூச்சு முட்டுது" என்றீர்கள். ஏசவில்லை. பைகளை மேட்டில் ஆறவைத்துப் பார்த்தீர்கள். ஒன்றும் பிழைக்கவில்லை.

நிர்வாகக் குழு கேட்டபோது, "வெள்ளம்" என்று மட்டும் சொன்னீர்கள். ஆற்றோரத்தில் வேங்கையை வைத்தது தங்கள் தவறென்று தீர்மானித்து, இனி இங்கே வேங்கையே கூடாதென்றார்கள். வேலை போய்விடுமோ என்று நாங்கள் நால்வரும் வாயை மூடிக்கொண்டோம். அதன்பின் ஆண்டுதோறும் விதைப் பட்டியல் எழுதும்போது, வேங்கை வரவேண்டிய வரியில் தங்கள் பேனா சற்று நிற்கும். நாங்கள் பார்த்தும் பாராததுபோல் இருந்தோம். வெட்கமாக இருக்கிறது, அம்மா.

பொறுமையின் பொற்குன்றே! இம்மடலைச் சட்டம்போட்டு மாட்டுவார்கள் என்பதாலேயே இதில் எழுதுகிறோம். குழுவினரும் கேட்கட்டும். அந்த நாற்றுகளைக் கொன்றது தாங்களல்ல, நாங்கள். வேரடி மண்ணை உலர விட்டிருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும்.

முழங்கால் வலி நீங்கி, நோயின்றி, பல்லாண்டு நிழல் தந்து வாழ்வீர்களாக! வரும் பருவத்தில் வேங்கை விதைக்கக் குழு இசைந்தால், முதல் விதையைத் தாங்களே வந்து ஊன்ற வேண்டும். இம்முறை தங்களைக் கேட்டுவிட்டே தண்ணீர் ஊற்றுவோம்.

இவண்,
ஜோனாஸ், ரியா, ஹரீஷ், ரங்கராஜன்
நாற்றங்கால் ஊழியர்கள், தாபோடி, புணே