பல்லி பார்த்த பார்ட்டிஷன்

— ...சத்தியமா சொல்றேன். இப்ப நான் சொல்லப்போறதுல ஒரு எழுத்து பொய்யா இருந்தா, வாயில மிச்சமிருக்கற பல்லும் இன்னிக்கே கொட்டட்டும்.

— ஏங்க, நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. கம்ப்யூட்டர ஆன் பண்ண ஏன் விடமாட்டேங்கறீங்க?

— அது தூங்குது.

— நகருங்க. என் குறுக்கெழுத்து நூறும் அதுலதான் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள பதிப்பகத்துக்கு அனுப்பணும். ரெண்டு வருஷமா மண்டைய உடைச்சுப் போட்ட புதிர்ங்க, முதல் புஸ்தகம்... பத்திரமா இருக்குல்ல?

— இருக்கு... இருந்துச்சு... நீ மொதல்ல உக்காரு. நின்னுகிட்டே கேக்கற கதையில்ல இது.

— உக்காந்தாச்சு.

— நம்ம மகன் ஹார்ட் டிஸ்க்க ரெண்டாப் பிரிச்சுக் குடுத்தானா? பாதில என் சிஸ்டம் விண்டோஸ், பாதில உன் சிஸ்டம் லினக்ஸ். நடுவுல பார்ட்டிஷன்னு ஒரு சுவர்.

— எனக்கேவா பாடம்? மேல சொல்லுங்க.

— காலைல பாக்கறேன், என் பக்கம் ஊதிப்போய்க் கெடக்கு.

— ஊதாம? கத்தற பறவையெல்லாம் ரெக்கார்ட் பண்ணி அதுலதானே அடைக்கிறீங்க.

— நான் அடைக்கலம்மா. அந்த மைனாவுங்க உள்ளயே குஞ்சு பொரிச்சிருக்கு. ராத்திரி இருந்தத விட காலைல ஃபைல் அதிகம்.

— சரி, பொரிச்சுது. அப்புறம்?

— எடம் பத்தல. சுவர உன் பக்கமா ஒரு சாண் தள்ளிக்கலாம்னு பார்ட்டிஷன் புரோகிராமத் தெறந்தேன். என் சிஸ்டம் குதிரை, ஓட எடம் வேணும். உன் ஆமைக்கு எதுக்கு அவ்வளவு?

— என் ஆமை இருக்கட்டும்...

— கேளு. ரெண்டு பெட்டி காட்டுச்சு. நான் தொடல. சும்மா பாத்துகிட்டுதான் இருந்தேன். அப்பதான் சுவத்துலேருந்து ஒரு பல்லி கீபோர்டு மேல தொப்புன்னு விழுந்துச்சு.

— விழுந்து?

— நேரா டெலீட் மேல.

— அடேயப்பா! ஆனா அது ஒடனே அழிக்காதே. நெசமாத்தான் அழிக்கவான்னு இன்னொரு தரம் கேக்குமே?

— கேட்டுச்சு.

— அதுக்கும் அதே பல்லிதான் ஆமா சொல்லுச்சா?

— சேச்சே, அது பயந்து ஓடிருச்சு. இது அதோட சம்சாரம். புருஷனத் தேடிகிட்டு வந்துச்சு.

— குடும்பமா வந்து அழிச்சிருக்கு...

— சிரிக்காத. பெட்டி ஒண்ணு சாம்பல் கலராப் போச்சு. ஒடனே சுவிட்ச அணைச்சிட்டேன்.

— எந்தப் பெட்டி? மேல இருந்ததா, கீழ இருந்ததா?

— மேல.

— ...ஓ.

— என்ன ஓ?

— ஒண்ணுமில்ல. பேக்கப்தான் இருக்கே? ஞாயித்துக்கெழம தவறாம என் பக்கத்தத் தனி டிஸ்க்ல எடுத்து வெக்கறது உங்க பொறுப்பாச்சே.

— அந்த டிஸ்க்ல மரங்கொத்தி இருக்கு.

— முழுசாவா?

— முழுசா. ஓரத்துல கொஞ்சம் ஆந்தை.

— அப்ப வாராவாரம் கதவச் சாத்திகிட்டு, ‘பேக்கப் ஓடுது, தொந்தரவு பண்ணாத’ன்னு உள்ள...

— தூங்கினேன்.

— தூங்கினீங்களா?

— ஏம்மா அப்படிப் பாக்கற? திட்டிடு. பல்லியெல்லாம் இல்ல. நான்தான். சுருக்கறதுக்கு பதிலா அழிச்சிட்டேன், ரெண்டு தரமும் நான்தான் அழுத்தினேன்... நீ ஒவ்வொரு கட்டமா சொல்லும்மா, ஒத்த வெரலால நானே திரும்ப அடிச்சுத் தர்றேன். எத்தன மாசமானாலும் சரி. பதிப்பகத்துக்குப் போன் பண்ணி கால்ல விழறேன்.

— போன்ல எப்படிங்க கால்ல விழுவீங்க?

— ஸ்பீக்கர்ல போட்டுட்டு விழுவேன். சத்தம் கேக்கும்ல?

— ஐயோ, மூஞ்சியப் பாரு... கண்ணத் தொடைங்க. ஆன் பண்ணுங்க.

— வேணாம்மா, நீ தாங்கமாட்ட.

— பண்ணுங்கங்கறேன்... வந்துச்சா? என் ஃபோல்டரத் தெறங்க.

— அட... நூறும் இருக்கே! மகாராணி, உன் லினக்ஸ் செத்துப் பொழைச்சிருக்கு! ...இரு இரு. அப்ப போனது என்னுதா? ஐயோ, என் மைனா! அணைச்சுட்டு என் பக்கம் போறேன்... வா, வா, வந்துரு... இதோ, என் விண்டோஸும் வருது! மைனா அத்தனையும் இருக்கு... ரெண்டு பாதியும் இருந்தா நான் அழிச்சது யாரோடத?

— காலி எடத்த. நீங்க திட்டமாட்டீங்கன்னா சொல்றேன்.

— இன்னிக்குத் திட்டற நெலமைலயா நான் இருக்கேன்? சொல்லு.

— போன மழைல டிஸ்க் மக்கர் பண்ணுச்சே, அப்ப என் பாதிய சரி பண்றேன்னு தப்பா மேல இருந்த ஒங்க விண்டோஸ் பெட்டிய அழிச்சிட்டேன்ங்க. ஒங்க பறவைங்களுக்கு மட்டும் நான் தனியா பேக்கப் வெச்சிருந்தேன், அதுங்க தப்பிச்சுதுங்க... அன்னிலேருந்து நீங்க ஓட்டறது என் லினக்ஸ்தான். ஒங்க படத்த மாட்டி, விண்டோஸ் மாதிரி வேஷம் கட்டி விட்டிருக்கேன்.