சம்பூர் அக்காவின் சாட்டு

மூதூரிலிருந்து திருகோணமலைக்கு வந்த பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பெண் டொக்டர்கள்.

"முப்பத்தைஞ்சு தாண்டின ஒருத்தியையும் நான் விடுறேல்லை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முந்தியே பிடிக்கலாம், பாப் டெஸ்ட் எடுங்கோ எண்டு கலைச்சுக் கலைச்சுச் சொல்லுவன்," என்றார் மூத்தவர்.

"நீங்கள் எடுத்தனீங்களோ, அக்கா?"

நான் வாசித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்துவிட்டேன்.

"இஞ்சை எப்பிடி எடுக்கிறது? எல்லா நேர்ஸ்மாரும் என்னோடை வேலை செய்யிறவை. கண்டிக்குப் போகேக்கை எடுப்பம் எண்டு இருக்கிறன்."

"போன மாசம் போனீங்கள்தானே?"

"அது கலியாணத்துக்கு."

"இண்டைக்குக் கிளினிக்குக்கு வந்த சம்பூர் அக்காவும் இதைத்தானே சொன்னவ, நேர்ஸ் தெரிஞ்ச ஆள், வெக்கமாக் கிடக்கு எண்டு. நீங்கள் ஏசி, டெஸ்ட் எடுக்கக் கட்டிலிலை ஏத்தினீங்கள்."

பஸ் துறைமுக மதிலைத் தாண்டியது.

"நாளைக்கு எனக்கு எடுக்க நீர் கிளினிக்கிலை நிப்பீரோ?" என்று மூத்தவர் கேட்டார்.