மஞ்சள் விளக்கு எரியாத நான்கு நாட்கள்

உங்கள் சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் பிந்தி ஓடுகிறது. வாக்குமூலத்தில் நேரம் குறிக்கும்போது என் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். முப்பத்தொரு வருடம் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்தவன். தராசில் ஐந்து கிராம் அடிக்கிற கடைக்காரன்கூட என்னைக் கண்டால் கல்லாவை விட்டு எழுந்து நிற்பான். அந்தக் கண் ஓய்வு பெற்ற பிறகும் மூடவில்லை.

பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு கேமரா இருக்கிறது. அதன் பக்கத்துக் கம்பத்தில் மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் வண்டிகள் இருபத்தைந்துக்கு மேல் போகக் கூடாது. இந்த மாதம் முதல் தேதி நான் நாற்பத்தொன்றில் போனேன் என்று அந்த வாரமே படத்தோடு அபராத நோட்டீஸ் வந்தது. படத்தில் என் முகம் நன்றாகவே விழுந்திருந்தது.

“தப்புன்னா தப்புதானே. கட்டிட்டு வந்து வேற வேலையப் பாருங்க,” என்றாள் என் மனைவி. போன வருடம் அவளுக்கு வந்த நோட்டீஸை மறுநாளே மூச்சுக் காட்டாமல் கட்டிவிட்டு வந்தவள் அவள். இப்படிப்பட்டவர்களை நம்பித்தான் அந்தக் கேமராக்களே ஓடுகின்றன.

நான் கேமராவின் சோதனைச் சான்றிதழைக் கேட்டு எழுதினேன். எந்தக் கருவிக்கும் முத்திரை வேண்டும். அது இருக்காது என்று பந்தயமே கட்டியிருப்பேன். இரண்டே நாளில் அனுப்பிவிட்டார்கள். தேதி, முத்திரை, பிழை வரம்பு, கையெழுத்து, எல்லாம் கச்சிதம். என் பணிக்காலத்தில் நானே அவ்வளவு சுத்தமாக ஒரு சான்றிதழ் எழுதியதில்லை. வயிறு எரிந்தது.

ஆட்சேபணை விசாரணைக்குப் போனேன். விசாரணை அதிகாரிக்கு என் மகள் வயதுதான் இருக்கும்.

“சார், அன்னைக்கு நீங்க எவ்வளவு வேகத்துல போனீங்க?”

“அது கேள்வியே இல்லம்மா. நோட்டீஸ் செல்லுமா செல்லாதாங்கிறதுதான் கேள்வி.”

விதிப் புத்தகத்தை நான் கரைத்துக் குடித்திருந்தேன். பதினோராம் விதிப்படி, ஒரு மாதத்தில் பள்ளி நேரத்தில் ஒருநாள் அந்த விளக்கு எரியாமல் போனாலும், அந்த மாதத்து நோட்டீஸ் எதுவும் செல்லாது. அதைச் சொன்னேன்.

“ரெண்டு வருஷமா ஒரு நாள்கூட அணைஞ்சதில்ல சார். ஆதாரம் இருந்தா வர்ற வெள்ளிக்கிழமை கொண்டு வாங்க. இல்லன்னா கட்டிடுங்க.”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இருபது வருடத்துக்கு முன்னால் என்னைப் பார்த்து எவனும் சிரித்திருக்க மாட்டான்.

மாதம் முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு என் பழைய சாம்பல் நிற அலுவலகக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். கையில் ஒரு ஃபைல், ஒரு மடக்கு முக்காலி. கோட்டும் ஃபைலும் இருந்தால் பட்டப்பகலில் எதை வேண்டுமானாலும் திறக்கலாம், ஒருவரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். பள்ளி வாசலில் பிள்ளைகளைச் சாலை கடத்திவிட ஒரு அம்மாள், ‘நில்’ என்று எழுதிய பலகையோடு நிற்பாள். காலை வேலையை முடித்துக் கிளம்பியவள் திரும்பி வந்து என் முக்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

“பாத்து சார், ஆடுது. நல்லவேளை, யாராவது வந்து பாக்குறீங்களே. இந்த வெளக்கு மட்டும் இல்லன்னா, என் பலகைய எவன் மதிக்கிறான்?”

நான் விளக்குக் கம்பத்துப் பெட்டியைத் திறந்து ஃபியூஸை எடுத்தேன். மூடி, புதுக் கம்பி கட்டி, ஈய முத்திரையும் வைத்தேன். அவள் எனக்கு நன்றி சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் ஃபியூஸை ஒரு உறையில் போட்டு, எடுத்த இடம், தேதி, நேரம் எழுதி, ஒட்டிய மடிப்பின் மேல் கையெழுத்துப் போட்டேன். கருவியிலிருந்து எதைக் கழற்றினாலும் அப்படித்தான் செய்ய வேண்டும். இப்போது உங்கள் மேஜையில் இருப்பது அதுதான். திருடனாக இருந்தால் சாக்கடையில் எறிந்திருப்பான்.

விளக்கு அணைந்ததை யாராவது புகார் செய்வார்கள், அது பதிவாகும், மறுநாளே சரி செய்துவிடுவார்கள் என்பது என் கணக்கு. ஒருவரும் செய்யவில்லை. தினம் வந்து போகிற இருநூறு பெற்றோருக்குக் கண் எங்கே இருந்ததோ. செய்ய வேண்டிய அந்த அம்மாளோ, அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நிம்மதியாக இருந்தாள். புதன்கிழமை நான் அணைந்த விளக்கைப் படம் எடுக்கப் போனபோது கேட்டாள்: “எப்ப சார் எரியும்? வண்டியெல்லாம் பறக்குது. பயமா இருக்கு.”

“வேலை நடந்துட்டிருக்கும்மா,” என்றேன்.

ஃபியூஸைத் திரும்ப மாட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மாட்டியிருக்கலாம். ஆனால் பதிவேட்டில் ஒரு வரிகூட ஏறாமல் என் படங்களை மட்டும் நம்புவார்களா?

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று முப்பத்திரண்டு. நான் எதிர்ப்பக்கம் நின்றிருந்தேன். ரொட்டி வண்டி வந்தது. அந்த ஓட்டுநர் தினமும் விளக்கைப் பார்த்து வேகத்தைக் குறைக்கிறவர். அன்று குறைக்க ஒன்றும் இல்லை. அந்த அம்மாள் பலகையைத் தூக்கிக்கொண்டு கத்தினாள். இரண்டாம் வகுப்புப் பெண் பிள்ளை. கூட்டம் சேர்ந்துவிட்டதால் என் உதவி தேவைப்படவில்லை. நான் எடுத்த படத்தில் வண்டியும் அணைந்த விளக்கும் ஒன்றாக விழுந்திருக்கின்றன.

மறுநாள் விசாரணையில் அந்தப் படத்தையும் பிள்ளை இறந்த பத்திரிகைச் செய்தியையும் ஐந்தாவது, ஆறாவது ஆதாரமாக வைத்தேன். அதிகாரி என்னை நிமிர்ந்து பார்க்காமலே ரத்து உத்தரவில் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடாமலே எழுந்து வெளியே போனாள். இந்த மனசை வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் எப்படி உட்காருகிறார்களோ.

உத்தரவை ஃபைலில் வைக்கச் சொல்லி மனைவியிடம் கொடுத்தேன். அவள் கையில் அந்த உறை அகப்பட்டது.

“இது உங்க கையெழுத்துதானே?” என்று மட்டும் கேட்டாள். என் கையெழுத்தை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நேராக இங்கே வந்திருக்கிறாள். நோட்டீஸைக் கட்டினவள்தானே, வேறு என்ன செய்வாள்.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். ஃபியூஸை எடுத்தது நான். விளக்கு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அந்த அம்மாள் சொன்ன பிறகும் எடுத்தேன். அவள் பயந்து கேட்டபோது பொய் சொன்னேன். பிள்ளை செத்தது அதனால்தான், ரொட்டி வண்டிக்காரர் மேல் தப்பில்லை, அவரை விட்டுவிடுங்கள். அன்றைக்கு நான் நாற்பத்தொன்றில் போனதும் உண்மை. எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் முதல் பக்கத்தில் ‘ஏற்கெனவே போக்குவரத்து விதிமீறல் உள்ளவர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நோட்டீஸ்தான் ரத்தாகிவிட்டதே. அந்த வரியை அடித்துவிடுங்கள். என் மேல் அப்படி ஒரு கறை இருக்கக் கூடாது.