முன்விரோதம் இல்லை

ஆக்ஸிலியா, வயது 43, க/பெ சிலுவைராஜ், வட்டக்கானல், கொடைக்கானல். காவல் நிலையத்தில் ஆஜராகி, யாருடைய தூண்டுதலும் இன்றிச் சொல்வது:

மேற்படி ஊரில் சந்தோஷ்குமார் என்பவர் நடத்தும் தங்கும் விடுதியில் பல வருடங்களாக அறை வேலை செய்து வருகிறேன். நேற்று சாயங்காலம் வழக்கம்போல் குளிருக்காக வெந்நீர்ப் பைகளைக் கம்பளி உறையில் போட்டு எல்லாக் கட்டிலிலும் வைத்துவிட்டு வந்தேன். அதன் பிறகு சென்னையிலிருந்து வந்து தங்கியிருந்த ஒருவர் தன் கைக்கடிகாரத்தைக் காணவில்லை என்றார். அதன் பிறகு முதலாளி என் பையை மட்டும் வாங்கி ஹாலில் எல்லோர் முன்பும் கவிழ்த்துக் கொட்டினார். மாற்றுச் சேலை, ஜெபமாலை, சோற்று டப்பா இவற்றோடு மாதவிலக்குக்கு வைத்திருந்த பாக்கெட்டும் விழுந்தது. ஆண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

அதன் பிறகு கடிகாரத்துக்காரரே அதைக் கையில் கொண்டுவந்தார். வெந்நீர்ப் பையின் உறையைச் சாமான் வைக்கும் சுருக்குப் பை என்று நினைத்து அதற்குள் பத்திரப்படுத்திவிட்டு மறந்திருக்கிறார். அவரும் முதலாளியும் சிரித்தார்கள். நான் முதலாளியிடம், "ஒரு வார்த்தை கேக்காம கொட்டிட்டீங்களே சார், எல்லார் முன்னாடியும் சாரி சொல்லுங்க" என்றேன். அவர், "அதான் கெடைச்சிருச்சுல்ல, வெரசா போயி டீ போடு" என்றார். அதன் பிறகு ஹால் மேசையிலிருந்த தட்டை எடுத்து வீசினேன். ஜன்னல் கண்ணாடி உடைந்தது. யாருக்கும் காயமில்லை.

முன்விரோதத்தால் திமிராக உடைத்தேன் என்று முதலாளி கொடுத்த புகாரில் உள்ளது. அப்படியே பதிவானால் இந்த மலையில் எந்த விடுதியிலும் என்னைச் சேர்க்க மாட்டார்கள். விரோதம் என்றால் மனதில் வைத்துக் காத்திருப்பது. அவர் தாயார் படுக்கையில் கிடந்தபோது கஞ்சி ஊட்டியவள் நான். போன மாதம் குழம்பில் உப்பில்லை என்று அவரும்தான் தட்டை வீசினார். "சார் கோவமா இருக்காரு" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவர் வீசினால் கோபம், நான் வீசினால் திமிரா? எனக்கு வந்தது ஆத்திரம்.

இதை எழுதிய தலைமைக் காவலர் சுபஸ்ரீ, "கோவம்னு போட்டுரவாக்கா?" என்று கேட்டார். "கோவம் பஸ் வரலைன்னாலும் வருங்க. இது செய்யாத தப்புக்குத் தலைகுனிய வச்சதால வந்தது. ஆத்திரம்னே எழுதுங்க" என்றேன். எழுதினார்.

வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. கண்ணாடியை உடைத்ததற்கு வருந்துகிறேன். ஆத்திரப்பட்டதற்கு வருந்தவில்லை.

(ஒப்பம்) ஆக்ஸிலியா