அகலம் கூடுன கேமரா

வேண்டாம் மக்கா, அத கீழ வச்சிரு. சொன்னா கேளு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள அத்தன கேமரா புத்தம் புதுசா மினுங்கிட்டு இருக்கு, உனக்கு இந்தப் பழசா கெடச்சுது? அது எனக்கதாக்கும். குடுத்துட்டு வேற மாத்தி எடுப்பம்னு கொண்டாந்து கடைக்காரன் பொன்னுலிங்கத்துக்க மேசையில வச்சேம், அதுக்குள்ள நீ தூக்கிட்ட. அவன் உள்ள ஆருக்கோ பாஸ்போர்ட் போட்டோ வெட்டிட்டு இருக்கான். இந்த மார்த்தாண்டத்துலயே கத்திரி பிடிச்சா விடாத ஆளு அவன் ஒருத்தன்தான். இரி. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு இரி.

உனக்கு என்னத்துக்கு கேமரா? ...ஓ, தெருப் படமா! ரோட்டுல போறவன வாறவன அவன் அறியாம எடுக்கது. கொள்ளாம். நானும் அந்தக் கிறுக்கு பிடிச்ச ஆளுதான். மஸ்கட்டுல ஏசி மெக்கானிக்கா கெடந்தப்போ ரூம்ல ஒரு பிலிப்பைன்ஸ்காரன் பழக்கி விட்டான். மாலயும் கழுத்துமா வெறச்சு நிக்கவன எவனும் எடுப்பான், மூக்கு நோண்டுறவன எடுக்கதுதான் கலைம்பான். ஊருல வந்து நோண்டுற மூக்கா தேடித் தேடி எடுத்தேம். பஞ்சமே இல்ல.

மொதல்ல வேற ஒண்ணு வச்சிருந்தேம். சவம்! அமுக்கினா ஒடனே எடுக்காது, இருந்து யோசிக்கும். கோயில் மணி அடிக்கவன் கயித்துல தொங்குகத எடுத்தா, படத்துல அவன் வேட்டிய உதறிட்டு வீட்டுக்குப் போயிட்டு இருப்பான். பின்னே அதுக்க சத்தம்... 'கீக் கீக்'. சந்தையில மீன் வெட்டிட்டிருந்த வியாகுலம்மாள எடுக்கப் போனேம். 'கீக்'ன்னுச்சு, பளிச்சுன்னு பிளாஷும் சேத்து அடிச்சுது. அவ நிமிந்தா. கையில சாள மீனா வச்சிருந்தா? கத்தி! அவ அண்ணைக்கு சொன்ன வார்த்தையள இந்தக் கடையில வச்சு சொல்லப்பிடாது.

அதுக்குப் பெறவுதான் இத வாங்கினேம். இதுல சத்தத்த நிறுத்திட்டா மூச்சு விடாது. அமுக்கின அந்த நேரமே படம் விழுந்துரும். சட்டப் பையில போட்டா பீடிக்கட்டுன்னு நெனச்சு ஓசி கேப்பானுவ. கண்ணுல வச்சுப் பாக்கவும் வேண்டாம், நெஞ்சோட பிடிச்சிட்டு, 'என்னடே, பிள்ளேளு சொகமா'ன்னு கேட்டுட்டே ஆள எடுத்துரலாம். சல்லியம், தொல்ல பிடிச்ச சாதனம்! எதுக்கு திருப்பித் திருப்பிப் பாக்க? அதுதான் கேடுங்கேம்!

எல்லாத்தயும் விட கேடு அதுக்க கண்ணு. அகலம் கூடுனது. இருவத்தெட்டு எம்.எம்.முன்னு பொன்னுலிங்கம் பெருமையா சொல்லுவான். நீ ஒருத்தன எடுத்தா அவனுக்க பக்கத்து வீட்டுக்காரனும் வந்து நிப்பான். நாம பாக்கத மட்டும் எடுக்கதுக்குத்தானே கேமரா? நாம பாக்காததயும் எடுத்து வச்சா? குடும்பம் கலங்கிரும். எனக்குக் கலங்கிச்சு.

எப்படியா? சொல்லுகேம். எனக்க மொவ ஜெனிலா மஸ்கட்டுல மாப்பிள கூட இருக்கா. கல்யாணம் கழிஞ்சு ரொம்ப காலம் பிள்ளை இல்லாம இருந்து, இப்பத்தான் வயித்துல. அடுத்த மாசம் பேறு. எனக்க பெஞ்சாதி ரீத்தா கோயில்ல நேர்ச்ச வச்சா. சாம்பல் புதன்ல இருந்து ஈஸ்டர் வர வீட்டுல ஒருத்தனுக்க வாயிலயும் எறைச்சி படாது, எனக்க பிள்ளைக்க பேறு சொகமா நடக்கணும்னு. நேந்தது அவ. வாயி எனக்கது. ஒரு வார்த்த கேட்டாளா?

அவளுக்க அண்ணன் செல்வனும் கூட சேந்துகிட்டான். எனக்கும் நேர்ச்சைன்னான். ஞாயித்துக்கிழம பூசையில வாசகம் வாசிக்கவன் மக்கா, சிலுவைப்பாதையில சிலுவைய வேற ஆருக்கும் குடுக்க மாட்டான். சும்மா இருந்தானா? சாமியாருக்க முன்ன வச்சு, 'எனக்க மச்சான் சூசைக்கு நாக்கு அடங்காது பாதர், எனக்க தங்கச்சி பாவம்'ன்னு சொல்லிட்டான். அவன் சொன்னது பொய்யா? பொய்யில்ல. ஆனா சாமியாருட்ட சொல்லலாமா?

அப்பம்தான் குலசேகரத்துக்கு ரப்பர் ஷீட்டு கொண்டு போட்டுட்டு வாறேம். அங்க ஒரு கடை உண்டு. மாட்டெறச்சிய தேங்காக்கொத்து போட்டு கறுக்க வரட்டி, பொறோட்டாவும் வச்சுத் தருவான். அந்த மணம் ரோட்டுல எறங்கி வந்து கையப் பிடிச்சு இழுக்கும். நான் அந்தால நடந்து போறேம், ரோட்டுலதான், கேட்டியா, ரோட்டுல. உள்ள பாத்தா ஆரு? செல்வன்! தட்டுக்குள்ள தலைய விட்டுட்டு இருக்கான். வானத்துல இருந்து சம்மனசு எறங்கி வந்து விளிச்சாலும் நிமிர மாட்டான். விடுவேனா? நெஞ்சோட பிடிச்சேம், அமுக்கினேம். அவன் வாய ஆன்னு தொறக்கான், பொறோட்டா பாதி உள்ள, பாதி வெளிய, தாடியில எண்ண வழியுது. அப்படி ஒரு படம் நான் ஆயுசுல எடுத்ததில்ல.

அந்த ஞாயிறு பூச கழிஞ்சு செல்வன் எங்க வீட்டுக்கு கஞ்சி குடிக்க வந்தான். வாங்க மச்சான், நான் எடுத்த படமெல்லாம் பாருங்கன்னு சொல்லி வயர டிவியில குத்தினேம். மஸ்கட்டுல இருந்து கொண்டாந்த பெரிய டிவி. மொதல்ல ரப்பர் ஷீட்டு சுமக்கவன். பின்னே பேச்சிப்பாற பஸ்ஸுல வாயத் தொறந்து ஒறங்குறவன். ரீத்தா சிரிக்கா, செல்வனும் சிரிக்கான். அடுத்தது வந்தான் பாரு, செல்வன்! கஞ்சி தொண்டையில அடச்சு அவனுக்கு கண்ணு பிதுங்கிட்டு. நான் பாவம் போல, 'அய்யோ, இது எப்பம் விழுந்தது, ரோட்டுல போவும்போ யதார்த்தமா பட்டதா இருக்கும்'ன்னேம்.

ரீத்தா எழும்பினா. அண்ணன அடிக்கப் போறான்னு நெனச்சு நான் நல்லா சாஞ்சு இருந்தேம். அவ நேர டிவிக்கு பக்கத்துல போனா. படத்துல செல்வனுக்குப் பெறத்தால, கை கழுவுற எடத்துல ஒரு கண்ணாடி தொங்கிச்சு மக்கா. அதுல வெரல வச்சா. 'இது ஆருக்க வாயி?'ன்னு கேட்டா.

அந்தக் கண்ணாடிக்குள்ள ஒருத்தன் இருக்கான். எடது கையில கேமரா, வலது கையில எலும்பு. அந்த எலும்ப அவன் சப்புகது... நல்ல வெளிச்சம், நல்ல தெளிவு. கேமராவுக்க சின்ன ஸ்கிரீன்ல பாத்தப்போ ஈ இருந்தது போல இருந்தது. டிவியில எனக்க பல்ல எண்ணலாம்.

என்னடே சிரிக்க? ஆமா, உள்ளதான் இருந்தேம். செல்வன் வாறதுக்கு முன்னாலயே இருந்தேம். அவன் ஒரு தட்டு. நான் ரெண்டாவது தட்டு. இப்பம் சொல்லு, அகலம் கூடுன கண்ணுதானே கெடுத்தது? கொஞ்சம் ஒதுங்கி செல்வன மட்டும் எடுத்திருந்தா என்னவாம் இந்த சனியனுக்கு?

செல்வன் காலுல விழுந்து அழுது தங்கச்சிட்ட மன்னிப்பு வாங்கிட்டான். வாசகம் வாசிக்கவன்லா, அழத் தெரியும். எனக்கு வரல்ல. அண்ணைக்குத் தொட்டு ரீத்தா எனட்ட பேசுகதில்ல. சண்ட போட்டா கூட நிம்மதியா இருக்கும். நான் ஒடச்ச நேர்ச்சைக்கு ஈடா இப்பம் அவ ராத்திரிக் கஞ்சியையும் விட்டுட்டா. எனக்க பங்க அவ பட்டினி கெடக்கா மக்கா. கண்ணுக்குக் கீழ கறுத்துப் போச்சு. அதப் பாத்தா எனக்கு ஒண்ணும் எறங்க மாட்டேங்குது. மன்னிச்சிருட்டீன்னு ஒரு சொல்லு, அது வாயில வர மாட்டேங்குது. பாரு, முன்னப் பின்ன தெரியாத உனட்ட எப்படிப் பொழியுகேம்!

இதுக்கெடையில ஜெனிலா போன் போட்டா. 'அப்பா, பேறுக்கு ஆசுவத்திரி போவும்போ கையில வச்சிருக்கணும், நீங்களும் அம்மயும் சேந்து நிக்க படம் ஒண்ணு அனுப்புங்கோ'ங்கா. சேந்து நிக்கது! ரீத்தாட்ட செவரப் பாத்து சொன்னேம். அவளும் செவரப் பாத்து சொன்னா, 'அந்த வாயிக்க பக்கத்துல நான் நிக்க மாட்டேம்'ன்னு. பிள்ளை தெனமும் கேக்கா, வந்துதா வந்துதான்னு.

அதுக்குத்தான் இத குடுத்துட்டு சூம் கூடுன கேமரா எடுக்க வந்தேம். ரீத்தா கெணத்தடியில நிக்கும்போ தென்னைக்குப் பெறத்தால நின்னு அவள மட்டும் இழுத்து எடுப்பேம். என்னை பொன்னுலிங்கம் எடுப்பான். ரெண்டையும் கம்ப்யூட்டர்ல ஒட்டிருவான். செத்தவன உயிரோட இருக்கவனுக்க பக்கத்துல ஒட்டி நிறுத்துறவனாக்கும், பிணங்கினவள ஒட்ட மாட்டானா?

ஆனா ஜெனிலா கண்டுபிடிச்சிருவா. அம்மைக்கு ஒரு பக்கமும் எனக்கு வேற பக்கமும் வெயில் அடிச்சா அறிய மாட்டாளா, எனக்க மொவல்லா. ஒட்டினது ஒட்டினதுதான். நெசமாவே ஒரு எடத்துல ரெண்டு பேரும்...

இரு. ஞாயித்துக்கிழம பூசைக்குப் போவதுக்கு முன்ன ரீத்தா அலமாரக் கண்ணாடிக்கு முன்ன நின்னு சேல கொசுவம் வைப்பா. அப்பம் மட்டும் அவளுக்க மொகம் பழையது போல இருக்கும். நான் பெறத்தால கதவுக்கிட்ட நின்னேம்னு வையி... கேமராவ நெஞ்சோட பிடிச்சு... சத்தம் வராது. பிளாஷ் வராது. கண்ணாடிக்குள்ள அவளும் வருவா, கூட நானும் வருவேம். அகலம் கூடுனதுல்லா! தள்ளே, இது எனக்கு இம்பிட்டு நேரம் தோணல்லியே!

பொன்னுலிங்கம்! ஏ பொன்னுலிங்கம், கத்திரிய வச்சிட்டு வா. நான் மாத்தல்ல. எனக்க கேமராவ இங்க எடு. ...மேசையில இல்லியா? இந்தத் தம்பி கையிலதான்... எங்க அவன்? இப்பம் இங்கதானே இருந்தான்!

அவனுக்கு வித்துட்டியா? எப்பம்? ...நான் செவரப் பாத்து பேசிட்டு இருக்கும்போ உள்ள வந்து ரூவா தந்துட்டுப் போனானா? ...என்னது? நான் சொன்னதக் கேட்டுத்தான் அவனுக்கு பிடிச்சுதாமா? சத்தமில்ல, தாமசமில்ல, அகலமும் உண்டு, வேற ஒண்ணும் வேண்டாம்னு சொன்னானா?

அந்தா, கட்டம் போட்ட சட்ட போட்டவன்தானே, பஸ் ஸ்டாண்டப் பாத்து போறான்? செருப்பு எங்கடே? ஏ தம்பி! மக்கா! நில்லுடே! அது கேடில்ல, நல்ல கேமராவாக்கும்! தந்துரு மக்கா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேம்... அய்யோ, எனக்க வாயி, எனக்க வாயிதான்!