வாங்க வந்தவர்

— அனுமதி வந்துருச்சும்மா! நீங்க ஒரு கையெழுத்து போட்டா இந்த பம்பு ஆலை எங்க அரசாங்கக் கம்பெனிக்குச் சொந்தம். முதலாளியம்மா முகத்துல சந்தோஷத்தையே காணோமே?

— முதல்ல உட்காருங்க, அதிகாரி சார். அந்த நாற்காலியில வேண்டாம், கால் ஆடும். வாங்குறோம்னு நீங்க சொல்லி எவ்வளவு காலமாச்சு?

— அப்போ என் தலையில முடி இருந்துது.

— கோவிச்சுக்காதீங்க சார். நான் விக்கல.

— என்னம்மா தலையில கல்லைத் தூக்கிப் போடுறீங்க! கடன்ல முழுகுறேன், எப்படியாவது காப்பாத்துங்கன்னு அழுதது நீங்கதானே?

— அழுதேன். நீங்களும் காப்பாத்திட்டீங்க.

— நானா? நான் கேள்விதானே கேட்டேன்! வாசல் மரத்துக்கு என்ன வயசுன்னுகூட எழுதிக் கேட்டு உங்க உயிரை வாங்கினேனே.

— அரசாங்கம் வாங்கப் போகுதுன்னு பேச்சு அடிபட்டதும், சீல் வைக்க வந்த பேங்க் மேனேஜர் டீ குடிச்சுட்டுத் திரும்பிட்டார். செம்புக் கம்பி விக்கிறவர், 'பணம் மெதுவா வரட்டும், அரசாங்கம் எங்க ஓடிடப் போகுது'ன்னு லாரி லாரியா இறக்கினார். மெஷின் நிக்கல. ஆர்டர் குவிஞ்சுது, கடனும் அடைஞ்சுது. நீங்க மட்டும் சட்டுபுட்டுனு வாங்கியிருந்தா, ஒவ்வொரு நட்டு போல்ட்டுக்கும் மேலிடத்துக் கையெழுத்துக்கு வாயைப் பார்த்துட்டு நின்னிருப்போம். வாங்காமலே வாழ வச்சீங்க சார். ஒருத்தரையும் நான் வீட்டுக்கு அனுப்பல.

— ஆக, என் சர்வீஸ்ல நான் செஞ்ச ஒரே நல்ல காரியம், வேலையை முடிக்காததுதான்! வீட்ல சொன்னா, 'இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு இவ்வளவு நாளா'ம்பா.

— விளையாட்டு இல்ல சார். எங்க ஆளுங்க உங்களைப் பார்த்துக் கும்பிடணும்னு வெளியே நிக்கிறாங்க. நான் மாட்டேன்னதுக்கு மேலிடத்துல உங்களுக்குத் திட்டு விழுமேன்னுதான் எனக்குக் கவலை.

— விழட்டும்மா. வழியெல்லாம் மனசு உறுத்திக்கிட்டேதான் வந்தேன். நீங்க மாட்டேன்னதும்தான் மூச்சே வந்துச்சு. நீங்கதான் இன்னைக்கு என்னைக் காப்பாத்தினீங்க, ஒரு பாவத்துலேர்ந்து.

— என்ன சார் சொல்றீங்க?

— திடீர்னு அனுமதி எப்படி வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? எங்க கம்பெனியையே தனியாருக்கு விக்கப் போறாங்கம்மா, உங்க ஆலையையும் சேர்த்துக் காட்டினா விலை கூடுமாம். வாங்குறவன் உங்க ஆளுங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பியிருப்பான். இப்போ முதல்ல என்னைத்தான் அனுப்புவான்... இங்க எனக்கு ஏதாவது வேலை கிடைக்குமா?