நெஞ்சுக்குள் தழும்பு

செஞ்சி பஸ்ஸில் என் முன்சீட்டுக்காரர், மடியிலிருந்த ஆட்டுக்குட்டியைத் தடவியபடி பக்கத்திலிருந்த மச்சானிடம் சொன்னார்: "என் நெஞ்சுல கொஞ்சம் செத்துப்போச்சுடா."

"இன்னா மாமா சொல்ற?"

"மாரடைப்பு வந்துச்சில்ல? அதுல கொஞ்சம் சதை செத்துடுச்சுன்னு டாக்டரு சொன்னாரு."

"வளந்துடும் மாமா. எனக்கு அருவா வெட்டே ஆறிடுச்சே."

"இது வளராதாம். தழும்புதான் நிக்குமாம். மலை கிலை ஏறுனா மிச்சமும் தாங்காதாம்."

"அப்புறம் எதுக்கு இப்ப கோட்டை மலைக்குப் போறோம்?"

"நான் பொழச்சா, குட்டியத் தோள்ல சுமந்துக்கினு மேல இருக்கிற அம்மனுக்கு என்னை ஏற வைக்கிறேன்னு உங்கக்கா வேண்டிக்கினாளே."

"டாக்டரு சொன்னது அக்காவுக்குத் தெரியுமா?"

"சொன்னா அழுவா."

பஸ் மலையடியில் நின்றது. அவர் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். உட்கார்ந்த இடத்திலேயே இருந்த மச்சானை ஜன்னல் வழியாக அழைத்தார்.

"எறங்குடா, வெயில் ஏறிடப்போவுது."